தளர்ந்த இருதயத்தின் சுமை



மாரடைப்பால் இருதயம் தளர்ந்து, உடலுக்கு வேண்டிய இரத்தத்தைச் செலுத்த இயலாதபோது, எக்மோ இயந்திரம் இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, தொடைத் தமனி வழியே திருப்பி அனுப்புகின்றது. உயிர் நிற்கின்றது, தொல்லையும் எழுகின்றது. மேல்நோக்கி வரும் அவ்வோட்டத்தை எதிர்த்தே சோர்ந்த இடது கீழறை இரத்தத்தைத் தள்ள வேண்டும். மாட்டாமல் அது வீங்கும். நுரையீரலில் நீர் கோக்கும். உதவ வந்தவனே தலையில் மூட்டையை ஏற்றினாற்போல!

இச்சுமையை இறக்கும் வழிகளுள் இரண்டைக் கூறுவோம். ஒன்று, 1967-இல் புரூக்ளினில் கான்ட்ரோவிட்ஸ் நோயாளிக்குப் பயன்படுத்திய பலூன். பெருந்தமனியில் இருந்துகொண்டு, இருதயம் சுருங்குகையில் தானும் சுருங்கி வழிவிடும். மற்றது இம்பெல்லா, கீழறைக்குள்ளேயே நுழைந்து இரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும் சிறு பம்பு. பலூன் எளிது, மலிவு. ஆயின் இறக்கும் சுமை சிறிது. பம்பு மிகுதியாய் இறக்கும். இரத்தப்போக்கும் காலில் ஓட்டக்குறைவும் உடன்வரலாம்.

2012-இல் வெளிவந்த, 600 பேரைக் கொண்ட ஜெர்மானிய ஆய்வில் பலூனால் சாவு குறையவில்லை. 2024-இல் வெளிவந்த டேஞ்சர் ஆய்விலோ, 180 நாளில் மாண்டோர் பம்பு பெற்றோருள் 45.8 விழுக்காடு, பெறாதோருள் 58.5. இவை எக்மோவின் துணைக்கருவியாக வைத்துச் சோதித்தவை அல்ல. ஆதலின் எக்மோவுக்கு இவற்றையே சான்றாகக் காட்டுவது பொருந்தாதென்பது எம் கருத்து.

உறவினர் தொலைவிலிருக்க, நள்ளிரவில் ஒப்பம் கேட்கப்படும் நம் காலனிக் குடும்பத்தார், "இடது கீழறை வீங்கியுள்ளதா? சுமையை எவ்வாறு இறக்குவீர்கள்?" என்று மருத்துவரைத் தயங்காது கேட்கலாம்.