தம்பி கொடுத்த லேப்டாப்



என்கிட்ட இருக்கிறது, தம்பி பிளஸ் டூ படிச்சப்போ அரசு கொடுத்த இலவச லேப்டாப். பேட்டரி போயிடுச்சு, கரண்ட் இருந்தால்தான் ஓடும். அதில் எங்கள் குழுக் கணக்கை ஏற்றினேன்.

ஒரு அக்கா வாங்கிய உள்கடன் 10,000 ரூபாய். மாதம் 1,000 அசல், ஒரு ரூபாய் வட்டி. அசல் குறையக் குறைய வட்டியும் குறையணும் என்பது எங்கள் தீர்மானம். 10 மாத வட்டி 550 என்று வந்தது. நான் நோட்டில் 1,000 வாங்கியிருந்தேன்! கை நடுங்கிப் போச்சு.

மறைக்க மனசு வரலை. அடுத்த கூட்டத்தில் சொல்லி, 450 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். இப்போ எல்லோரும் கணக்கைப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுறோம். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.