இடிம்பி அன்னையின் திருவிழா

வீமனை மணந்து கடோற்கசனைப் பெற்ற இடிம்பியைப் பாரதக் கதை வனத்திலேயே விட்டுச் செல்கிறது. மைந்தனையும் குருக்ஷேத்திரப் போர் கொண்டுபோயிற்று. ஆயினும், இமயத்தின் குலு பள்ளத்தாக்கு அவளை மறந்திலது.

மணாலியை அடுத்த துங்கிரியில், தேவதாரு மரங்களினிடையே, 1553-ஆம் ஆண்டில் மன்னர் பகதூர் சிங் எழுப்பிய மரக்கோயிலில் அவள் தெய்வமாக வீற்றிருக்கிறாள். பாறையிற் காணும் சுவடுகளை அவள் திருவடிகளென்றே வணங்குகின்றனர். மே மாத விழாவிற்கு அண்டையிலுள்ள ஊர்த் தெய்வங்களும் பல்லக்கேறி வருகின்றன. குலு அரச குடும்பத்தார் அவளைப் பாட்டி என்றே போற்றுவர். அவள் எழுந்தருளினாலன்றி அங்கே தசரா தொடங்குவதில்லை.

கதை அரக்கியென்றது, மலைமக்கள் அன்னையென்றனர். பிறப்பைக் கொண்டு பிறரை இகழ்வோர் இதனைச் சிந்திப்பாராக.