மரபணுவும் மறதிநோயும்
(செம்மநத்தத்தில் ஆற்றிய உரை)



என் தாயார் இறுதி நாட்களில் சேர்வராயன் மலையை மறக்கவில்லை, என்னை மறந்தார். காப்பிப்பழம் பறித்த காலத்தை நேற்றுப்போல் சொல்வார். காலையில் கஞ்சி குடித்தது நினைவிராது. "யாருப்பா நீ?" என்று அவர் கேட்ட அன்று, எனக்கும் இது வருமோ என்னும் அச்சம் புகுந்தது. உங்களிற் சிலரும் இதனைத் தனியே கேட்டதுண்டு.

'அபோ-ஈ' என்னும் மரபணுவின் நான்காம் வகை அல்சைமர் நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிறது என 1993-இல் கண்டனர். பெற்றோர் ஒருவர்வழி வந்தால் வாய்ப்புக் கூடும். இருவர்வழியும் வந்தால் மிகக் கூடும். ஆயினும் அதனை உடையாருள் நோயுறாதார் உளர்; இல்லாதாருள் நோயுற்றாரும் உளர். அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் ஆராய்ந்தபோது, அவ்வகை அமெரிக்காவின் பென்சில்வேனிய ஊர்களைவிடக் குறைவாகவே இருந்தது, நோயும் குறைவு. நடுவயதிலேயே தாக்கித் தலைமுறைதோறும் தொடரும் வகை வேறு. அது மிக அரிது.

பிறந்தபோதே பெற்றதை மாற்ற இயலாது. ஆனால் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, தனிமை என 14 காரணங்களைக் களைந்தால், உலகில் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செட் ஆய்வுக்குழு 2024-இல் உரைத்தது. காது மந்தமும் அவற்றுள் ஒன்று என்றால் பலர் நம்புவதில்லை.

என் தாயாருக்குக் காது மந்தம். உரக்கச் சொல்லச் சலித்து, நாங்கள் அவரிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டோம். அதனால்தான் நோய் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு காதொலிக் கருவி வாங்கித் தந்திருக்கலாம், தரவில்லை.

பின்வரிசையில் காதருகே கைகுவித்துக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே, முன்னே வந்து அமருங்கள். அடுத்து கவியரங்கம்.