கூலிப் புகழ்ச்சியும் கிரிப்டோ நாணயமும்



கிரிப்டோ நாணயம் விற்போர் இணையத்தில் பலவித விளம்பரங்களைச் செய்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில் பெட்டிகட்டி நிற்பது ஒன்று. செய்தியைப் போல வேஷம் போட்டு வருவது மற்றொன்று. பேர்பெற்றவர் தம் சொந்த அபிப்பிராயம் போலச் சொல்லுவது இன்னொன்று. இவற்றில் எது யோக்கியமானது? எதைப் பார்த்தவுடன் விளம்பரம் என்று பாமரனுக்கும் தெரிகிறதோ, அதுதான் ஓரளவு யோக்கியமானது.

அமெரிக்காவில் 2021-ல் கிம் கர்தாஷியன் என்ற அம்மையார் ஒரு டோக்கனைப்பற்றி இன்ஸ்டாகிராமில் எழுதினார். விளம்பரம் என்று குறி மட்டும் இருந்தது. கூலி 2,50,000 டாலர் என்பது இல்லை. பங்குச்சந்தைக் கமிஷன் கேட்டதன் மேல், குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும், 2022-ல் 12,60,000 டாலர் கட்டச் சம்மதித்தார். பேரை நம்பிப் பணம் போட்ட ஏழை யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நம் நாட்டு விளம்பரத் தரக் கவுன்சில் 2022 ஏப்ரல் 1 முதல் ஒரு விதி வைத்திருக்கிறது. அச்சு விளம்பரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடமும், வீடியோவின் முடிவில் குறைந்தது 5 விநாடியும் எச்சரிக்கைக்கு விடவேண்டும். சரக்கில் நம்பிக்கையுள்ளவன் இதற்கு ஏன் அஞ்சவேண்டும்?

ஆகவே, விளம்பரம் செய்வோர் எச்சரிக்கைக்கு இடமுள்ள உருவத்தையே தேர்ந்தெடுக்கட்டும். பார்ப்போரே, சொல்லுவது யார், கூலி கொடுத்தது யார், நஷ்டத்துக்கு ஜவாப்தாரி யார் என்று கேளுங்கள். பதில் வராதவரை மடியை அவிழ்க்காதீர்கள்!