புது முயலை ஒரு மாசம் தள்ளி வையுங்க

(தோட்டக் கலாசார மண்டபத்தில், முயல் வளர்க்கும் குடும்பங்களுக்கு எமது சேமநல உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துட்டு நேரா வந்திருக்கிறீங்க. அதனால நீட்டிப் பேசப் போறதில்லை. ஒரேயொரு விசயம்: வெளியிலிருந்து வாங்கி வருகிற முயலை அன்றைக்கே பழைய முயல்களோடு சேர்க்கக் கூடாது. முப்பது நாள் தனியாக வைக்க வேண்டும்.

ஒரு தோட்டத்துல ஒரு அக்கா, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென்று பதினொரு முயல் வளர்த்தாங்க. டவுன்ல ஒரு ஆண் முயல் வாங்கி, வந்த அன்றே பக்கத்துக் கூட்டில் விட்டாங்க. கொழுகொழுன்னு இருந்த முயல்தான். பத்து நாளில் தும்மல் தொடங்கியது. 'பனிக்குத் தும்முது' என்று விட்டுட்டாங்க. கடைசியில் மிஞ்சியது மூன்று. அந்த அக்கா மேல பிழை சொல்ல முடியாது. பார்த்தால் தெரிகிற வருத்தம் இல்லை அது.

முயல் தன் நோயைக் காட்டிக்கொள்ளாத பிராணி. சளிக் கிருமி மூக்குக்குள்ளேயே இருக்கும், முயல் நல்லாத் தின்னும். பையில் போட்டு பஸ்ஸில் குலுங்கி, பயந்து, புது இடத்துக்கு வந்ததும் உடம்பு தளர்ந்து நோய் வெளியே வரும். அதுக்குத்தான் இந்த முப்பது நாள். ஒரு முயல் சினையாகிக் குட்டி போடுற காலம்தானே, பொறுக்கலாம்.

இது நம்ம லயத்துக் கதை மட்டுமில்லை. 1984-இல் சீனாவில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த அங்கோரா முயல்களில் ஒரு புது வைரஸ் நோய் கண்டது. ஒரு வருசத்துக்குள் 14 கோடி முயல்கள் செத்ததாகச் சொல்கிறார்கள்.

'லயத்துல தனி இடம் எங்க இருக்கு?' என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. பழைய கூடு இஸ்தோப்பில் இருந்தால், புதியதைக் குசினிக்குப் பின்னால், விறகு அடுக்குற பக்கம் வையுங்க. முயல் இல்லாத சொந்தக்காரர் வீட்டில் வைத்தால் இன்னும் நல்லது. தும்மினால் சாரல் படாத தூரம் வேணும். ஒரே கூட்டை நடுவில் பலகை வைத்துப் பிரிப்பது தனிமை ஆகாது. தண்ணிக் கோப்பை, விளக்குமாறு எல்லாம் வேறு வேறு. புல் போடுவது, கூடு துப்புரவு செய்வது எல்லாம் முதலில் பழைய முயலுக்கு, கடைசியில் புதியதுக்கு. பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்க. புதுசைத் தூக்கிக் கொஞ்சிட்டு பழசுக்கிட்ட ஓடுறது பிள்ளைகள்தான். அவங்களுக்கும் சொல்லி வையுங்க.

தினமும் ரெண்டு நிமிசம் பாருங்க. முன்னங்காலின் உள்பக்க மயிர் ஒட்டிப் பிசுபிசுன்னு இருந்தால் மூக்குச்சளியைத் துடைக்குதுன்னு அர்த்தம். தலையை உதறி, காதைச் சொறிந்தால் உள்ளே பாருங்க. பழுப்புப் பொருக்கு இருந்தால் காதுச் சொறி. அதைப் பிய்க்க வேண்டாம், ரொம்ப வலிக்கும். மூக்கு நுனியிலும் பாதத்திலும் வெள்ளைப் பொருக்கு வருகிற சொறி நம்ம கைக்கும் தொற்றி அரிக்கும். குட்டிக்கு வயிறு ஊதி, கழிச்சல் இருந்தால் குடல் நோயாக இருக்கலாம். அந்தக் கிருமி புழுக்கையோடு வெளியே வந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தொற்றும் பலம் பெறும். ஆகவே தினம் கூட்டி அள்ளினால் பாதி வேலை முடிஞ்சது. காலியான கூட்டுக்குக் கொதிதண்ணி ஊற்றி வெயிலில் காய வையுங்க.

ஏதாவது கண்டால் அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்க. வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினைக் கரைத்துக் கொடுக்க வேண்டாம். மனுசருக்கு நல்ல மருந்து, முயலுக்குக் குடல் கெட்டுச் செத்துப் போகும். செத்ததை ஆழமாகப் புதையுங்க. பீலித் தண்ணி ஓடுற ஓடையில் வீசாதீங்க.

முப்பது நாளுக்குள் இரண்டாவது ஒன்று வாங்கி அதே கூட்டில் விட்டால், கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்துதான்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் யோசிக்கிறதில்லை. பெண் முயலை அடுத்த லயத்து ஆண் முயலிடம் சினைக்குக் கொண்டுபோறோம். அதுவும் வெளியே போய் வந்த முயல்தான். போகுமுன் அந்த ஆண் முயலின் காதையும் முன்னங்காலையும் பாருங்க. அவங்க கோவிச்சுக்குவாங்களேன்னு கூச்சப்பட வேண்டாம், உங்க முயலையும் அவங்க பார்க்கட்டும். திரும்பி வந்ததும் தனிக் கூடுதான்.

யாராவது இந்த மாசம் முயல் வாங்க இருந்தால் கையைத் தூக்குங்க. கூடு எங்கே வைக்கலாம் என்று இப்பவே பேசிப் பார்ப்போம்.