உத்திரமும் பாரமும்



திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் சரக்கு மூட்டை மூட்டையாய் மாடி ஏறுவதை யாவரும் கண்டிருப்பர். சரக்கை அடுக்குவோர் இடமிருக்கிறதா என்று பார்க்கின்றனரேயன்றி, அடியிலுள்ள உத்திரம் அதை எவ்விதம் தாங்குகிறது என்று நோக்குவோர் சிலரே.

இரு சுவர்களின் மேல் கிடக்கும் 12 அடி உத்திரமொன்றை உதாரணமாகக் கொள்க. பஞ்சுப் பொதி ஒன்றின் நிறை சுமார் 170 கிலோ. அதை நட்டநடுவில் வைத்தால் சுவருக்கு 85 கிலோ வீதம் பிரியும். ஒரு சுவரிலிருந்து 3 அடியில் வைத்தால் அச்சுவர் முக்காற்பங்கும் எதிர்ச்சுவர் காற்பங்கும் ஏற்கும். தண்டில் பாரங்கட்டி இருவர் சுமக்கையில், பாரத்துக்கு அருகிலுள்ளவன் தோள் அதிகம் நோவதும் இதனாலேயே. உத்திரத்தை வளைக்கும் விசையோ, நடுவில் வைத்தபோது இருந்ததில் முக்காலாகக் குறைந்துவிடுகிறது. அதே நிறையை நீளம் முழுதும் பரப்பினால் பாதியாகிறது. ஆகையால் கனத்த சரக்கைச் சுவரோரமாக வைத்து, நடுவில் வழி விடுதல் உத்தமம்.

வளையும் உத்திரத்தின் மேற்பக்கம் நெரிபடும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட்டு நெரிப்பைத் தாங்கும், இழுப்புக்கு ஆற்றாது. அதனாலேயே அடியில் இரும்புக் கம்பி பதிக்கின்றனர். சுவருக்கு வெளியே நீளும் சன்ஷேடில் இழுப்பு மேற்பக்கத்தில் உண்டாகும். கான்கிரீட்டுப் போடுகையில் ஆட்கள் மேற்கம்பியை மிதித்துத் தாழ்த்திவிட்டால், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது, பலம் போய்விடும்.

உத்திரம் தொய்ந்தால் நடுவில் முட்டுக்கொடுப்பது வழக்கம். முட்டுக்கு நேர்மேலே இழுப்பு மேற்பக்கத்துக்கு மாறும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. அங்கே கம்பி குறைவாயின் வெடிப்புக் காணும். இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638-ல் வெளியிட்ட நூலில் இதற்கொப்ப ஒரு செய்தி உண்டு. இரு கட்டைகள்மேல் கிடத்திய சலவைக்கல் தூண் முறியுமோ என்றஞ்சி, நடுவில் மூன்றாங்கட்டையும் வைத்தனர். சில மாதங்களில் ஓரக்கட்டையொன்று உளுத்துத் தாழ, தூண் நடுக்கட்டைக்கு நேர்மேலே முறிந்தது. உதவிக்கு வைத்ததே கேடாயிற்று.

வங்காளதேசத்தில் டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்னும் கட்டிடம் 2013 ஏப்ரல் 24-ந் தேதி இடிந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் திருப்பூரில் உள்ளாரைப் போலவே ஆடை தைத்துப் பிழைத்தவர்கள். கடைகளுக்கும் காரியாலயங்களுக்குமென எழுந்த கட்டிடத்தில் தையல் யந்திரங்களும், மேல்மாடிகளில் பெரிய ஜெனரேட்டர்களும் ஏற்றப்பட்டிருந்தன. முதல்நாளே வெடிப்புக் கண்டது. கீழிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையற் தொழிலாளரோ மறுநாட் காலை உள்ளே அழைக்கப்பட்டனர். மின்சாரம் நின்று ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் கட்டிடம் விழுந்தது.

இந்தியத் தர நியமப்படி, வீட்டு அறையின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்குமாறு கணிக்கப்படுகிறது. சரக்கறைக்குச் சுமார் 750 கிலோவுக்குக் குறையலாகாது. ஆதலின் குடியிருப்பு மாடியைக் கிடங்காக வாடகைக்குப் பிடிக்கும் சங்கம், முன்பணம் கொடுக்குமுன் பொறியாளரைக்கொண்டு தளத்தின் தாங்குபாரத்தை எழுத்தில் பெற்று, பத்திரத்துடன் இணைத்துக்கொள்ளல் வேண்டும்.