'வென்ட்' தெரியாதவன் முட்டாள் இல்லை

(மாலைநேர இலவசப் பயிற்சி மையம் ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்து 'எப்போ முடிப்பாரு' என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் இங்கே ஆங்கில வினைச்சொற்களின் காலங்களை நடத்தினேன். 'வாக்' என்றால் 'வாக்டு', 'ஜம்ப்' என்றால் 'ஜம்ப்டு' என்று சொல்லிவிட்டு, 'கோ'வுக்கு என்ன என்று கேட்டேன். ஏழாம் வகுப்புத் தம்பி எழுந்து "கோடு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "இல்லப்பா, வென்ட்" என்றேன். "ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், கோவுக்கு மட்டும் தனிச் சட்டமாண்ணா?" என்றான்.

அடுத்து 'கட்'. நேற்று வெட்டினாலும் கட், இன்று வெட்டினாலும் கட் என்றேன். பின்னாலிருந்து ஒரு தங்கச்சி, "ஆமாண்ணா, எங்க தெருவுல நேத்தும் கரண்ட் கட், இன்னைக்கும் கரண்ட் கட்" என்றாள். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

'கோடு' என்றவன் தப்பாகச் சொன்னான். ஆனால் யோசித்துச் சொன்னான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் பேசப் பழகும்போது இதையேதான் சொல்கின்றன. 'வென்ட்' என்பது வேறொரு பழைய வினைச்சொல்லிலிருந்து வந்து 'கோ' வீட்டில் குடியேறியது. தமிழில் மட்டும் என்ன? நில், சொல், கல் மூன்றும் 'ல்' என்றே முடிகின்றன. ஆனால் நின்றான், சொன்னான், கற்றான் என்கிறோம். நாம் தடுமாறுவதில்லை. வீட்டில் கேட்டே வளர்ந்தோம். ஆங்கிலத்தை வீட்டில் கேட்டு வளர்ந்தவனுக்கு 'வென்ட்' தானாக வருகிறது. அது அவனுக்குக் கிடைத்த வாய்ப்பு. கூடுதல் மூளை அல்ல.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்லூரி முதலாண்டில் "ஐ டிட் நாட் வென்ட்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. பாடம் நடத்தியவர், "கோட்டாவுல வந்தா இப்படித்தான்" என்றார். 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, 'கோ' சும்மா வந்தால் போதும் என்று விளக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அவர் அந்த ஒரு நிமிடத்தில் என் சாதியை விளக்கினார். அதன்பின் மூன்று ஆண்டுகள் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பிழை இலக்கணத்தில் இருந்தது; தண்டனை பிறப்புக்குக் கிடைத்தது.

பள்ளியில் தனியாகச் சாக்கில் உட்கார வைக்கப்பட்ட அம்பேத்கர்தான் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னாளில் அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவை இங்கே வாசித்தபோது ஒரு தம்பி மடக்கினான்: "அண்ணா, 'அபாலிஷ்டு'ன்னு இருக்கே, அப்போ தீண்டாமை இறந்தகாலமா?"

முன்னால் 'இஸ்' இருக்கிறது பார், அது நிகழ்காலம் என்றேன். 1950-ல் ஒருமுறை ஒழித்துவிட்டு மூடிவைத்த கதை அல்ல அது. இன்று வாசித்தாலும் இன்று ஒழிக்கச் சொல்கிறது. "அப்போ சரிதாண்ணா, டீக்கடையில இன்னும் ரெண்டு கிளாஸ் இருக்கே" என்றான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தம்பி தங்கைகளே, தப்பாகப் பேசுங்கள், சத்தமாகப் பேசுங்கள். திருத்துவதற்கு நாங்கள் இருக்கிறோம். பக்கத்தில் இருப்பவன் தப்பாகப் பேசினால் சிரிக்காமல் சொல்லிக்கொடுங்கள். தீண்டாமையை உண்மையிலேயே இறந்தகாலத்தில் சொல்லும் நாளுக்காக எல்லாரும் சேர்ந்து வேலை செய்வோம்.

ஜெய்பீம்.